இரண்டு பக்கமும் அளந்த பிறகு

டாக்டர்: இத யாரு ஷேவ் பண்ணினது?

மெக்கானிக்: எத?

டாக்டர்: நான் தாடியக் கேக்கல சார்.

மெக்கானிக்: ...நாந்தான்.

டாக்டர்: எப்போ?

மெக்கானிக்: நேத்து, வீட்ல. புது பிளேடு டாக்டர். வெந்நீர்ல போட்டு எடுத்துதான்...

டாக்டர்: வீட்ல கை வைக்காதீங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்களே பாத்துக்கறோம்னு சொன்னேனா இல்லையா?

மெக்கானிக்: சொன்னீங்க.

டாக்டர்: அப்புறம்?

மெக்கானிக்: உங்க நர்ஸ் தம்பிக்கு என் பொண்ணு வயசுதான் இருக்கும். அவரு முன்னாடி போய் நான் எப்படி... எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. காலங்காத்தால அவருக்கு எதுக்கு இந்தக் காட்சின்னு நானே முடிச்சிட்டேன்.

டாக்டர்: அவருக்கு அது வேலை.

மெக்கானிக்: அவருக்கு வேலை. எனக்கு மானம்.

டாக்டர்: லைட்ட இப்படித் திருப்பறேன். அசையாம படுங்க. இங்க எரியுதா?

மெக்கானிக்: இல்லையே.

டாக்டர்: இங்க?

மெக்கானிக்: ஸ்ஸ்... அது கொசு கடிச்சிருக்கும்.

டாக்டர்: எந்தக் கொசுவும் நேர்கோட்டுல கடிக்காது சார். பிளேடு கீறியிருக்கு. ஒண்ணு இல்ல, ரெண்டு எடத்துல. இதோ இது செவந்து லேசா வீங்கியும் இருக்கு.

மெக்கானிக்: மருந்து தடவிட்டு செஞ்சிட முடியாதா?

டாக்டர்: இன்னைக்கு ஆபரேஷன் வேணாம். எழுந்து சட்டை போட்டுக்கங்க.

மெக்கானிக்: விளையாடாதீங்க டாக்டர். மூணு மாசமா சர்க்கரையக் கொறைச்சேன். வெறும் டீ குடிச்சே நாக்கு செத்துப்போச்சு. சிகரெட்ட விட்டேன். இருபது வருஷப் பழக்கம் அது. இந்தக் கீறலுக்காகவா திருப்பி அனுப்புவீங்க?

டாக்டர்: இந்தக் கீறலுக்காகத்தான். நான் உங்களுக்கு ஊசி போட்டு அனுப்பப் போறதில்ல. ஆணுறுப்புக்குள்ள ரெண்டு குழாய், அடிவயித்துல தண்ணி நிக்கிற ஒரு சின்னப் பை, விரைப்பையில கையால அழுத்தற ஒரு பம்ப். இது எல்லாத்தையும் உள்ள வெச்சுத் தைக்கப் போறேன். அது உடம்போட பொறந்த பொருள் இல்ல. அது மேல ஒரு கிருமி போய் ஒட்டிக்கிச்சுன்னா எந்த மருந்தும் அதைத் தொடாது.

மெக்கானிக்: தொடலன்னா?

டாக்டர்: எல்லாத்தையும் வெளிய எடுக்கணும். எடுத்த எடம் உள்ளயே சுருங்கி இறுகிப் போகும். அடுத்த தடவ வைக்கறது இதவிடப் பல மடங்கு கஷ்டம். உங்களுக்கு சர்க்கரை வேற. நல்ல வாய்ப்பு ஒரு தடவைதான் வரும், முதல் தடவை. அத நான் ஒரு பிளேடுக்குப் பலி கொடுக்க மாட்டேன்.

மெக்கானிக்: யாருக்கும் ஆகாதது எனக்கு மட்டும் ஆயிடுமா?

டாக்டர்: நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே?

மெக்கானிக்: ஆமா. லிஃப்ட் மெக்கானிக் வீட்லயே லிஃப்ட் ஓடலன்னு நானே எனக்குச் சொல்லிச் சிரிச்சிக்கறது உண்டு... நீங்க சிரிக்கலாம் டாக்டர், பரவாயில்ல.

டாக்டர்: அப்புறமா சிரிக்கறேன். ஒரு லிஃப்ட்டுல ஏதோ சத்தம் கேக்குது. ஓடுது, ஆனா சத்தம் கேக்குது. விட்டுடுவீங்களா?

மெக்கானிக்: அது எப்படி? ஜனங்க ஏறுவாங்களே. பலகைய மாட்டிட்டு நிறுத்திடுவேன்.

டாக்டர்: பத்தாவது மாடிக்காரர் வந்து சண்டை போட்டா?

மெக்கானிக்: படியேறுங்க சார்னு சொல்லுவேன்.

டாக்டர்: நானும் அதத்தான் சொல்றேன் சார்.

மெக்கானிக்: சரி. புரியுது. எத்தனை நாள்?

டாக்டர்: தோல் முழுசா ஆறணும். மூணு வாரம்னு வெச்சுக்கங்க.

மெக்கானிக்: மூணு வாரமா? முடியாது டாக்டர்.

டாக்டர்: லீவு கிடைக்காதா?

மெக்கானிக்: லீவு இல்ல. அதுக்குள்ள அவ வந்துடுவா.

டாக்டர்: யாரு?

மெக்கானிக்: வீட்டுக்காரி. அவ அக்காவுக்கு முட்டில ஆபரேஷன்னு துணைக்குப் போயிருக்கா. அவ திரும்பறதுக்குள்ள...

டாக்டர்: ஒரு நிமிஷம். அவங்களுக்கு இது தெரியாதா?

மெக்கானிக்: அது வந்து டாக்டர்...

டாக்டர்: முதல் நாளே அவங்களையும் கூட்டிட்டு வாங்கன்னேன். அவங்களுக்கு முதுகுவலி, உக்கார முடியாதுன்னு சொன்னீங்க.

மெக்கானிக்: முதுகுவலி இருக்கு. உக்கார முடியாத அளவுக்கு இல்ல.

டாக்டர்: சொன்னா வேணாம்பாங்கன்னு பயமா?

மெக்கானிக்: அது ஒரு பக்கம்... நீங்க பொம்பளை டாக்டர். உங்ககிட்ட சொல்லலாமான்னு தெரியல.

டாக்டர்: மூணு மாசமா என்கிட்ட எல்லாத்தையும் காட்டியாச்சு. சொல்றதுல என்ன?

மெக்கானிக்: அதுவும் சரிதான்... மாத்திரை போட்டுப் பாத்தேன். ஊசி போட்டுப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அவளுக்கும் ஆசை காட்டி, அப்புறம் ஒண்ணும் இல்லாம... அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. பரவாயில்லங்கன்னு முதுகத் தட்டுவா. அந்தத் தட்டு இருக்கே டாக்டர், அதுக்கு அவ நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அப்புறம் அவ பக்கத்துல வந்தாலே தூக்கம் வர்ற மாதிரி திரும்பிப் படுக்க ஆரம்பிச்சேன். ஒரு நாள் அவளே நடுவுல ஒரு தலையணைய வெச்சா. முதுகுக்கு முட்டு கொடுக்கன்னு சொன்னா. அந்தத் தலையணை அஞ்சு வருஷமா அங்கதான் இருக்கு.

டாக்டர்: ம்.

மெக்கானிக்: இது சரியா வந்தா அவகிட்ட சொல்லுவேன். வரலன்னா அவளுக்குத் தெரியவே வேணாம். இன்னொரு தடவ அவள ஏமாத்த எனக்குத் தெம்பு இல்ல.

டாக்டர்: நான் ஒண்ணு சொல்லட்டுமா? உள்ள நான் எவ்ளோ ஜாக்கிரதையா செஞ்சாலும் வீட்டுக்குப் போனதும் பாத்துக்க ஒரு கண்ணு வேணும். தையல் எடத்துல சீழ் வைக்குதா, செவக்குதா, காய்ச்சல் அடிக்குதான்னு. நீங்க பாக்க மாட்டீங்க. பாத்தாலும் மறைப்பீங்க. இன்னைக்குக் கொசுன்னு சொன்னீங்க. அன்னைக்கு எறும்புன்னு சொல்லுவீங்க.

மெக்கானிக்: அவதான் இருக்கணுமா?

டாக்டர்: யாரா இருந்தாலும் சரி. தம்பி, மச்சான், சிநேகிதன்.

மெக்கானிக்: தம்பியா? அவன்கிட்ட சொல்றதும் தெருவுக்குத் தெரு போஸ்டர் ஒட்டறதும் ஒண்ணு. மச்சான் சிரிச்சே செத்துப்போவான்.

டாக்டர்: அப்ப யாரு மிச்சம்?

மெக்கானிக்: ...உங்ககிட்ட வந்ததுக்கு ஆம்பளை டாக்டரா பாத்துப் போயிருக்கலாம்.

டாக்டர்: அவர் மட்டும் அந்தக் கீறலோட செஞ்சிருப்பாரா?

மெக்கானிக்: செஞ்சிருக்க மாட்டாரு. ஆனா இவ்ளோ கேள்வி கேட்டிருக்க மாட்டாரு.

*

மெக்கானிக்: டாக்டர், எனக்குக் கால் இருக்கா?

டாக்டர்: ரெண்டும் இருக்கு. முதுகுல ஊசி போட்டதால இடுப்புக்குக் கீழ மரத்துப் போச்சு. தூங்க வைக்கவான்னு கேட்டதுக்கு முழிச்சே இருக்கேன்னு நீங்கதான் அடம் பிடிச்சீங்க.

மெக்கானிக்: கண்ண மூடிக்கிட்டு எந்த வண்டிலயும் ஏறிப் பழக்கமில்ல. நெஞ்சுக்கு மேல எதுக்கு இந்தத் திரை?

டாக்டர்: நீங்க எட்டிப் பாக்காம இருக்க. இந்தத் தடவ ஷேவிங் யாரு?

மெக்கானிக்: நர்ஸ் தம்பிதான். இங்கயே, இப்பதான். பேசிக்கிட்டே முடிச்சிட்டாரு. அவர் இருக்கிற கட்டடத்துல லிஃப்ட்டு நடுவுல குலுங்குதாம். என்ன காரணமா இருக்கும்னு கேட்டாரு. சொன்னேன். அப்படியே முடிஞ்சு போச்சு. இதுக்கா அவ்ளோ பயந்தோம்னு இருந்துச்சு.

டாக்டர்: நல்லது. இப்ப உங்க மூத்திரப்பைய ஒரு குழாய் போட்டுக் காலி பண்றேன். அது பக்கத்துலதான் அந்தத் தண்ணிப் பைய வைக்கணும். நெறஞ்சு இருந்தா அடிபடும்.

மெக்கானிக்: எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே செய்யறீங்களா?

டாக்டர்: கேக்கப் பிடிக்கலையா?

மெக்கானிக்: இல்ல, சொல்லுங்க. சத்தம் இல்லன்னாதான் பயம்.

டாக்டர்: வீட்ல சொல்லிட்டீங்களா?

மெக்கானிக்: வெளியதான் உக்காந்திருக்கா.

டாக்டர்: முழுசா சொன்னீங்களா, இல்ல குடலிறக்கம்னு கதை விட்டீங்களா?

மெக்கானிக்: முழுசா. அன்னைக்கு நீங்க திருப்பி அனுப்பினீங்க இல்ல, அன்னைக்கே போன் போட்டேன். நேர்ல நின்னா வாய் வராது. மூச்சு விடாம சொல்லி முடிச்சேன். 'வர்றேன்'னு மட்டும் சொன்னா. மறுநாள் காலையில வந்து நின்னா.

டாக்டர்: வந்து என்ன சொன்னாங்க?

மெக்கானிக்: சாப்டீங்களான்னு கேட்டா.

டாக்டர்: அவ்ளோதானா?

மெக்கானிக்: அவ்ளோதான். ஒரு கதவுத் திரை வாங்கறதுக்குக் கடைக்காரன அரை நாள் கேள்வி கேக்கறவ அவ. மூணு வாரமா ஒரே வீட்ல இருக்கோம். என்ன ஆபரேஷன், எதுக்கு, இந்த வயசுலயான்னு ஒரு கேள்வி கிடையாது. கோபமா, அருவருப்பா, ஒண்ணும் தெரியல. அதான் டாக்டர் எனக்கு இந்தக் கத்திய விட பயமா இருக்கு.

டாக்டர்: கேட்டுப் பாத்தீங்களா?

மெக்கானிக்: கேட்டு அவ ஏதாவது சொல்லிட்டா?

டாக்டர்: ...கையுறை மாத்திக்கறேன். ஒரு நிமிஷம்.

மெக்கானிக்: கிழிஞ்சிடுச்சா?

டாக்டர்: இல்ல. தோலத் தொட்ட கையோட உள்ள வைக்கிற பொருளத் தொடக் கூடாது. தோலுக்கு மேல சுத்தமான ஒரு ஷீட்ட ஒட்டி, அதுல சின்னதா வழி விட்டிருக்கேன். குழாய் எங்கயும் தோல்ல படாம அந்த வழியா நேரா உள்ள போகும். அதோட பெட்டிய இன்னும் பிரிக்கவே இல்ல. அளந்து முடிச்ச அப்புறம்தான் பிரிப்போம்.

மெக்கானிக்: அளக்கறது எப்போ?

டாக்டர்: இப்பதான். உள்ள ரெண்டு பக்கமும் நீளமா அறை மாதிரி இருக்கு. அதுல கம்பிய விட்டு வழி பண்ணி அளக்கணும். வலது பக்கம்... நல்லா இருக்கு. இடது பக்கம்...

மெக்கானிக்: இடது பக்கம்?

டாக்டர்: ...

மெக்கானிக்: டாக்டர்?

டாக்டர்: ...

மெக்கானிக்: பேச்ச நிறுத்திட்டீங்க.

டாக்டர்: நான் பேசலன்னா வேலை செய்யறேன்னு அர்த்தம்.

மெக்கானிக்: இல்ல. நானும் வேலைக்காரன்தான். கயிறு எங்கயோ சிக்கினா நானும் இப்படித்தான் பேச்ச நிறுத்துவேன். என்ன ஆச்சு?

டாக்டர்: ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரணும். இடது பக்கம் ரெண்டு சென்டிமீட்டர் கம்மியா காட்டுது.

மெக்கானிக்: அப்படின்னா?

டாக்டர்: மூணுல ஒண்ணு. கம்பி வழி மாறிப் பக்கத்து அறைக்குப் போயிருக்கலாம். சுவர்ல ஓட்டை விழுந்திருக்கலாம். இல்ல, முழு வழியும் இன்னும் விடாம இருக்கலாம்.

மெக்கானிக்: ஓட்டைன்னா?

டாக்டர்: அது எங்கன்னு பாக்கணும். மூத்திரக் குழாய்ல விழுந்திருந்தா எதையும் வைக்காம மூடிட்டு வெளிய வந்துடுவேன். முன்னாடியே சொன்னேன், நீங்களும் சரின்னீங்க.

மெக்கானிக்: சரின்னேன்... அப்ப அவ வெளிய உக்காந்திருக்கல டாக்டர். இப்ப உக்காந்திருக்கா. கொஞ்சம் அழுத்திப் பாக்க முடியாதா?

டாக்டர்: அழுத்தினாதான் இல்லாத ஓட்டை விழும்.

மெக்கானிக்: ...ஆமா. கதவு சிக்கினா நாங்களும் தள்ள மாட்டோம்.

டாக்டர்: கம்பி நுனிய வெளிப்பக்கமா சாய்ச்சு, மெல்லிசுலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கறேன். நேரம் ஆகும். நீங்க பேசிக்கிட்டே இருங்க. உங்க நாடித்துடிப்பு அந்த மெஷின்ல குதிரை மாதிரி ஓடுது.

மெக்கானிக்: என்னத்தப் பேச?

டாக்டர்: உங்க வீட்டம்மாவ எப்படிப் பாத்தீங்க, அதச் சொல்லுங்க.

மெக்கானிக்: லிஃப்ட்டுலதான். வேற எங்க... அவ ஒரு மருந்துக் கம்பெனி ஆபீஸ்ல வேலை பாத்தா. நடுவுல மாட்டிக்கிச்சு. உள்ள அவ ஒருத்தி மட்டும். நான் அப்ப வேலைக்குப் புதுசு. பெரிய மெக்கானிக் வர்ற வரைக்கும் கதவுப்பக்கம் நின்னு பேச்சுக் கொடுன்னு அனுப்பிட்டாங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாதுன்னேன். உள்ளேர்ந்து ஒரு குரல், 'நான் பயப்படல, உங்க குரல்தான் நடுங்குது'ன்னுச்சு.

டாக்டர்: நல்ல பதில்.

மெக்கானிக்: கேளுங்க. அப்புறம் அவதான் எனக்கு தைரியம் சொன்னா. ஊர் எது, கூடப் பொறந்தவங்க எத்தனை பேர், என்ன சாப்டீங்கன்னு. கதவத் திறந்து பாத்தா தரையில சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு இருக்கா. 'அதுக்குள்ளயா திறந்துட்டீங்க'ன்னு கேட்டா டாக்டர். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன்... முகம் கூட சரியா பாக்கல.

டாக்டர்: ...வந்துடுச்சு.

மெக்கானிக்: என்ன வந்துடுச்சு?

டாக்டர்: வழி. உள்ள தழும்பு மாதிரி இறுகிப் போய் ஒரு எடத்துல அடைச்சிருந்தது. சர்க்கரை பண்ற வேலை. இப்ப அளக்கறேன்... ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்துடுச்சு.

மெக்கானிக்: ஓட்டை?

டாக்டர்: பொறுங்க. ரெண்டு கம்பியும் ஒரே நேரத்துல உள்ள விட்டுப் பாக்கறேன். ஒண்ணோட ஒண்ணு இடிக்கல. இப்ப மருந்துத் தண்ணி ஊத்தறேன். ஓட்டை இருந்தா மூத்திரத் துவாரம் வழியா தண்ணி வெளிய வரும்... வரல. இந்தப் பக்கமும்... வரல.

மெக்கானிக்: ...

டாக்டர்: சார்?

மெக்கானிக்: இருக்கேன். கண்ணுல ஏதோ விழுந்துடுச்சு.

டாக்டர்: கொசுவா?

மெக்கானிக்: ...சிரிக்க வைக்காதீங்க டாக்டர், கத்தி கையில இருக்கு.

டாக்டர்: இப்ப பெட்டியப் பிரிக்கலாம்.

மெக்கானிக்: இவ்ளோ தூரம் வந்தாச்சு. இருக்கறதுலயே பெருசா ஒண்ணு போட்டுடுங்க.

டாக்டர்: எல்லாரும் கேக்கற கேள்வி. அளந்த எடத்துக்கு மேல ஒரு நூல் கூட வைக்க மாட்டேன். திணிச்சா நுனியில அழுத்திக்கிட்டே இருந்து ஒரு நாள் தோலக் கிழிச்சுக்கிட்டு வரும்.

மெக்கானிக்: கேட்டு வெச்சேன், அவ்ளோதான்.

*

டாக்டர்: இது ரத்தம் உள்ள கட்டாம இருக்க வெச்ச குழாய். நாளைக்கு எடுத்துடுவோம். இந்தக் கட்டு இறுக்கமாத்தான் இருக்கும். வீக்கம் கொறைய வேணாமா? கொஞ்சம் ஊதாக் கலரா கன்னிப் போயிருக்கும், அதுக்கு பயப்படாதீங்கம்மா. ஆனா காய்ச்சல், சீழ், நாளாக நாளாக வலி கூடறது... இதுல எது தெரிஞ்சாலும் உடனே எனக்கு போன் பண்ணணும்.

மனைவி: சரிங்க டாக்டர்.

டாக்டர்: இவர் மறைப்பாரு.

மனைவி: தெரியும்.

டாக்டர்: ஆறு வாரம் கழிச்சு வந்தீங்கன்னா பம்ப்ப எப்படி அழுத்தறதுன்னு ரெண்டு பேருக்கும் சொல்லித் தரேன். அதுவரைக்கும் கனமா எதையும் தூக்கக் கூடாது, வேற அவசரமும் கூடாது.

மெக்கானிக்: அவசரம் யாருக்கு... இத்தனை வருஷம் போயாச்சு.

டாக்டர்: நான் வர்றேன். உங்களுக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?

மனைவி: இல்லங்க டாக்டர். ரொம்ப நன்றி.

மெக்கானிக்: பாத்தீங்களா டாக்டர்? நான் சொல்லல?

டாக்டர்: நான் போறேன் சார். நீங்களே கேளுங்க.

மனைவி: ...எதக் கேக்கணும்?

மெக்கானிக்: ஒண்ணும் இல்ல. கதவச் சாத்து.

மனைவி: தண்ணி வேணுமா?

மெக்கானிக்: வேணாம். இப்படி உக்காரு.

மனைவி: உக்காந்துதானே இருக்கேன்.

மெக்கானிக்: ...உனக்கு என் மேல கோபமா?

மனைவி: எதுக்கு?

மெக்கானிக்: மூணு வாரமா ஒரு கேள்வி கேக்கல நீ. உள்ள படுத்துக்கிட்டு இருக்கறப்போ கூட அதேதான் யோசனை. கத்தி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.

மனைவி: தெரிஞ்சத யாராவது கேப்பாங்களா?

மெக்கானிக்: போன்ல சொன்னது பத்து வார்த்தை. அதுல என்ன தெரியும் உனக்கு?

மனைவி: போனுக்கு முன்னாடியே தெரியும்.

மெக்கானிக்: ...எப்படி?

மனைவி: வெறும் டீ குடிச்சீங்க. நான் பத்து வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் விடாத சக்கரைய ஒரே நாள்ல விட்டீங்க. சிகரெட் வாசனை நின்னு போச்சு. எனக்கு பயம் வந்துடுச்சு. ஏதோ பெரிய வியாதி, இந்த மனுஷன் மறைக்கறாருன்னு. ஒரு நாள் நீங்க ஏறின பஸ்லயே பின்னாடி ஏறி வந்தேன்.

மெக்கானிக்: இங்கயா?

மனைவி: இங்கதான். நீங்க உள்ள போனீங்க. நான் வெளிய பெஞ்சுல, போற வர்றவங்களுக்கு நடுவுல உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு அம்மா, இந்த ரூமுக்கு வர்றவங்க எல்லாம் இதுக்குத்தான், அவங்க வீட்டுக்காரருக்கும் இந்த ஆபரேஷன்தான் ஆச்சுன்னு அவங்களாவே சொன்னாங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு. வியாதி இல்லன்னு தெரிஞ்சதும் அங்கயே அழுதேன். அந்த அம்மா பயந்துட்டாங்க.

மெக்கானிக்: அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமே.

மனைவி: வீட்டுக்கு வந்தீங்க. பாட்டு முணுமுணுத்துக்கிட்டே செருப்பக் கழட்டினீங்க. உங்க வாயில பாட்டு கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? நான் கேட்டா அது நின்னுடும்.

மெக்கானிக்: எல்லாம் தெரிஞ்சும், சரியா ஆபரேஷன் நேரத்துல என்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே. உங்க அக்காவப் பாத்துக்க வேற ஆளா இல்ல? என்னவிட அவ முட்டி ஆபரேஷன் பெருசா போச்சா உனக்கு?

மனைவி: அக்கா முட்டிக்கு ஒண்ணும் இல்லங்க, இன்னும் மாடிப்படிய ரெண்டு ரெண்டா ஏறறா. 'அக்காவப் பாக்கப் போகலையா, போகலையா'ன்னு நாலு தடவ கேட்டீங்க. நான் வீட்ல இருந்தா நீங்க எப்படி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவீங்க... அதான், அவளுக்கு ஒரு ஆபரேஷன் சொல்லிட்டு நான் கிளம்பினேன்.